துவக்கின் இடப்பக்கம்

நேற்றுக் காலை நம் தோட்டத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட படத்துக்கு ஆளுக்கொரு பதில் எழுதியிருந்தீர்கள். மிதியடி ஆணி என்றார் ஒருவர். பழைய தையல் மெஷினில் கழன்றது என்றாள் ஒருத்தி. ஒருவர் மட்டும், அவருக்கு எப்போதும் சாப்பாட்டு நினைவுதான், கருகிப்போன பருப்பு வடை என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் என்று பெயர், எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது ஒரு துவக்கின் ஆணி, துப்பாக்கி ஆணி. நம் ரப்பர் ஸ்டோரில் மெஷின் திருத்தும் பிட்டராக இருந்த என் அப்பாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதே, அந்தத் துவக்கின் ஆணி.

நீங்கள் அறிந்த கதை எனக்குத் தெரியும். நொட்டாங்கை பிட்டர் களவாகத் துவக்கு செய்தார், அகப்பட்டார், யாரையோ பிடித்துத் தப்பி வந்தார். இத்தனை வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் முதலில் என்னைத் திருத்த வேண்டியிருக்கும். அப்பா துவக்கு செய்தார் என்று முதன்முதலில் சொன்னவள் நான்தான்.

அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். சோற்றை மட்டும் வலது கையால் சாப்பிடுவார். அதுவும் சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. மற்றபடி சுத்தியல் இடது, அரம் இடது, வாள் இடது. கோயிலில் திருநீறு வாங்கும்போது மறந்துபோய் இடது கையை நீட்டுவார். பூசாரி முறைத்ததும் அவசரமாக மாற்றிக்கொள்வார். தோட்டம் முழுக்க நொட்டாங்கை பிட்டர் என்றுதான் பேச்சு. அது அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை, எனக்கு உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் என்னை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? பீச்சாங்கை மகள். நினைவில்லை என்பீர்கள். போகட்டும், எனக்கு நினைவிருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் ஆயுத பூசைக்கு முன்னால் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடந்ததால் பால்வெட்டு இல்லை. ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டும் ரோலர் சும்மா நின்றது. மழை நாளில் அந்த இடத்தில் ஒரு வாடை இருக்கும். புளித்த ரப்பர் பால், அசிட், புகைக்கூட்டிலிருந்து வரும் ஈர விறகுப் புகை, மூன்றும் சேர்ந்தது. ஸ்டோரோடு ஒட்டிய அப்பாவின் பட்டறைக்குள் வந்தால் அதோடு எண்ணெயும் இரும்புத் தூளும். நான் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவேன். அவர் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். மிச்சத் துண்டு எனக்கு.

அப்படி ஒரு பகலில்தான் வயல்கார மாமா வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருந்த சிங்களவர். மண்வெட்டி, கத்தி தீட்ட அப்பாவிடம் வருவார். பலாக்காயோ ஈரப்பலாவோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பலாக்காய் இல்லை. நீளமாக ஒரு சாக்கு. பிரித்தால் உள்ளே துவக்கு.

அதுமாதிரி ஒன்றை நாம் யாரும் பார்த்ததில்லை. ஆள் உயரத்துக்குக் குழல். பிடிக்கும் கட்டை பின்பக்கம் இரண்டாகப் பிளந்து மீன்வால்போலச் சுருண்டிருந்தது. கட்டையில் சங்கு பதித்து ஒரு பூ. அதில் ஓர் இதழ் உதிர்ந்து குழியாக இருந்தது. தோட்டா போடுகிற துவக்கில்லை. குழல் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்ப வேண்டும். சுடும்போது அடிக்கிற அந்த வளைந்த இரும்பை நாம் குதிரை என்கிறோமே, அதன் வாயில் ஒரு சின்னக் கல்லைக் கவ்வ வைத்திருந்தது. குதிரை பாய்ந்தால் கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழும், மருந்து பற்றிக்கொள்ளும். முழுக்கத் துரு. குதிரையைப் பிடித்திருக்கும் ஆணி தேய்ந்து, தொட்டாலே ஆடியது.

"எங்க தாத்தாவுக்கும் முந்தின துவக்கு," என்றார் மாமா சிங்களத்தில். "பன்னி வயலைக் கெளறித் தள்ளுது. ஒரு சத்தம் போட்டாப் போதும்."

அப்பா தயங்கினார். அது தயங்க வேண்டிய காலம். இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்கு தூக்கி நாட்டில் ஒரு குழப்பம் நடந்து அடங்கிச் சில வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் செய்த துவக்கு என்றாலே பொலிசுக்கு வேறு கண். செய்தவன், திருத்தியவன், வைத்திருந்தவன் எல்லோரையும் உள்ளே போடுவார்கள். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். இருந்தும் அதைக் கையில் வாங்கினார். வாங்கினதுதான் வினை.

இடது தோளில் வைத்துப் பார்த்தார். இறக்கிக் குதிரையைத் தடவினார். பிறகு சிரித்தார். மற்றத் துவக்குகளுக்குக் குதிரை வலப்பக்கம் இருக்கும், இதற்கு இடப்பக்கம். அவர் கையில் பிடித்த எந்தச் சாமானும் அதுவரை வலது கைக்காரனுக்கென்று செய்ததாகத்தான் இருந்தது. கத்தரிக்கோல்கூட அவருக்கு எதிரி.

"இங்க பாரு," என்றார் என்னிடம். "செஞ்சவன் நம்மாளு. நொட்டாங்கைக்காரன்."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. எப்போதோ செத்துப்போன, ஊரும் பேரும் தெரியாத ஒருவரை உறவுக்காரராக்கிக்கொண்ட முகம் அது.

ரோலரில் கழற்றிப் போட்ட பழைய போல்ட் ஒன்றை எடுத்து மூன்று நாள் அராவினார். வைஸில் பிடித்து, இடது கையில் அரத்தை வைத்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி. ஓர் ஆணி செய்ய மூன்று நாளா என்று அம்மா கேட்டாள். பழைய துளைக்கு அளவே கிடையாது, அது கையால் போட்ட திருகு மரை, அதற்கு ஏற்றபடி கையாலேயேதான் வெட்ட வேண்டும் என்றார். ஆணி பூட்டியதும் குதிரை டக்கென்று நின்றது. மாமா வந்து எடுத்துப்போக வேண்டியதுதான் பாக்கி. ஓடையில் வெள்ளம் வந்து மரக்கட்டை போட்ட ஏத்தண்டாப் பாலத்தை அடித்துக்கொண்டு போனதால் அவரால் வர முடியவில்லை. அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது.

இங்கேதான் அப்பாவின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்தந்த வருடம் அவர் கை பட்ட எந்த ஆயுதமும் பூசைக்கு வெளியே நிற்கக் கூடாது. யாருடைய மண்வெட்டியானாலும் சரி, திரும்பிக் கொடுக்காமல் பட்டறையில் கிடந்தால் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார். அதேபடி துவக்கையும் எடுத்தார்.

"ஒளிச்சு வைக்கிற சாமானுக்கு எதுக்குப் பூசை?" என்றாள் அம்மா.

"எங்கையால தொட்டாச்சு. விட்டுட்டுப் பூசை செஞ்சா மனசு ஒப்பாது," என்றார்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். எமரித்தாளால் இழைத்தார். தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்தார். எத்தனையோ வருடத் துரு ஒரே பகலில் போயிற்று. குழலில் என் முகம் தெரிந்தது. பூசையன்று எல்லா ஆயுதத்தையும் வரிசையாக வைத்து, துவக்கை மட்டும் சாக்குகளுக்குப் பின்னால் சாத்தி, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

பூசைக்குத் தோட்ட ஆபிசிலிருந்து பெரிய கிளாக்கர் ஐயா வந்திருந்தார். வருடா வருடம் பூசணிக்காய் உடைப்பது அவர்தான். எல்லோரும் பொரியும் கடலையும் வாங்க வெளியே போனபோது நானும் அவரும் மட்டும் பட்டறைக்குள் நின்றோம். கிளாக்கர் ஐயாவின் கண் சாக்குப் பக்கம் போனது. பளபளப்பு இல்லாவிட்டால் போயிருக்காது.

"என்னம்மா அது?" என்று கேட்டார். குரல் கனிவாகத்தான் இருந்தது. என் கையில் ஒரு பிடி பொரியும் போட்டார்.

அந்த வருடம் முழுக்கப் பீச்சாங்கை மகள் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது எனக்கு. பெரிய கிளாக்கரே கேட்கிறார். அப்பாவைப் பற்றிப் பெரிதாக ஒன்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

"அப்பா செஞ்ச துவக்குங்க ஐயா. அப்பாவுக்கு நொட்டாங்கை இல்லீங்களா, அதான் குதிரைய இந்தப் பக்கம் வச்சுச் செஞ்சிருக்காரு."

அவர் கையிலிருந்த பொரி கொஞ்சம் கீழே சிந்தியது. மிச்சத்தைத் தட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நெடுங்காலம் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றே நினைத்தேன். அம்மா அவர் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். அந்தக் குழப்பக் காலத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்தே வீட்டில் செய்த ஒரு துவக்கை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தியிருந்தார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. பயந்த மனிதர். பயந்தவர் செய்வதைச் செய்தார். இப்போது அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

இரண்டாம் நாள் காலை பொலிஸ் ஜீப் வந்தது. பொலிஸ் சாஜன் இறங்கி நேராகச் சாக்குப் பக்கம் போனார். துவக்கை வெளியே எடுத்தார். சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பழைய ஸ்டோர்ப் பரணில் கிடந்தது, வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமானாயிருக்கும், எடுத்துத் துடைத்தேன் என்றார் அப்பா. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் மாமாவும் உள்ளே போவார். அதோடு, துவக்கு ஏன் பிட்டரிடம் வந்தது என்ற கேள்வியும் வரும்.

சாஜன் கெட்டவரில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். இரும்பு புதிதாகப் பளபளக்கிறது. குதிரை இடப்பக்கம் இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் இரும்பு வேலை தெரிந்த இடது கைக்காரன் ஒருவன்தான். போதாக்குறைக்கு அவன் மகளே சொல்லியிருக்கிறாள். அப்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் பதினொரு மணிக்கு இரத்தினபுரிக் கோட்டுக்கு, நீதவான் முன்னால், கொண்டுபோவோம் என்றார்கள். அம்மா வெறும் வயிற்றோடு கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வாடி, டவுனுக்குப் போறோம்" என்றாள். அம்மாவுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஓடையில் சிங்களப் பிள்ளைகளோடு குளித்து விளையாடியே நான் கற்றிருந்தேன். அதனால் அவளுக்கு நான் வேண்டும்.

வக்கீலிடம் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனது பழைய சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம். பித்தளை விளக்கு, வெற்றிலைத் தட்டு, பழைய வாள் என்று வாங்கி விற்பவர், மாணிக்கக் கல் வியாபாரமும் உண்டு. கல் பார்க்கும் சின்னக் கண்ணாடி கறுப்பு நூலில் கழுத்தில் தொங்கும். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு மருந்துக்கு வழியில்லாத சமயத்தில் அம்மா தன் குத்துவிளக்கை அவரிடம்தான் விற்றிருந்தாள். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மேல் தட்டு இந்தியாவுல வார்த்தது, அடிக்கால் மட்டும் இங்கத்த ஆள் மாத்திப் போட்டது" என்றாராம். அது உண்மை. அடிக்கால் உடைந்து மாற்றியதை அம்மா அவரிடம் சொல்லவே இல்லை.

"நானா," என்றாள் அம்மா, "ஒரு சாமானப் பாத்து அது எப்ப செஞ்சது, யார் செஞ்சதுன்னு நீங்க சொல்லுவீங்க. எங்க வீட்டுக்காரர் செஞ்சதில்லன்னு நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க வந்து பாருங்க."

"பொலிசுக்கா, தங்கச்சி?" அவர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "நான் பாத்தா உள்ளதத்தான் செல்லுவன். புதுசா ஈந்தா புதுசுன்டு செல்லுவன். அதுக்குச் சம்மதமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஆணியை நினைத்திருப்பாள். அது ஒன்றுதானே அதில் புதுசு.

"சம்மதங்க," என்றாள்.

மறுநாள் காலை எட்டரைக்கே நானா பொலிஸ் ஸ்டேசனுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. சாஜனுக்கு அவரைத் தெரியும். அந்தப் பக்கத்தில் பழைய சாமான் எது திருட்டுப் போனாலும் முதலில் அவரிடம்தான் கேட்பார்களாம். மேசையில் பத்திரிகை விரித்துத் துவக்கை வைத்தார்கள். அப்பா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே இரவில் முகத்தில் நரைத்த தாடி தெரிந்தது. அவருக்குத் தாடி நரைத்திருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நானா துவக்கைத் தொடாமல் முதலில் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஒரு திருப்புளி கேட்டு வாங்கி, குழலைக் கட்டையோடு சேர்த்திருந்த ஆணிகளை எடுத்துக் குழலைத் தூக்கினார். மரத்துக்குள் புதைந்திருந்த அடிப்பக்கம் வெளியே வந்தது. அங்கே அப்பாவின் எமரித்தாள் போகவில்லை. கருந்துரு தடித்துப் பொருக்குக் கட்டிக் கிடந்தது. மரக்குழிக்குள் ஒரு குளவிக் கூடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாருங்க மாத்தையா," என்றார் நானா சாஜனிடம், சிங்களத்தில். நான் அம்மாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இந்தத் துரு போன வருசம் வந்ததில்ல. ஒரு ஆயுசுல வர்றதும் இல்ல. மினுக்கினது மேல மட்டுந்தான்."

துருவை நகத்தால் சுரண்டினார். அடியில் சின்னதாக ஒரு பூ முத்திரை, இரும்பில் அடித்தது. செய்தவர்கள் பெயர் போடுவதில்லை, குடும்பத்துக்கென்று ஒரு பூப் போடுவார்கள், இதே பூவை இன்னும் இரண்டு துவக்கில் பார்த்திருக்கிறேன், மலையடிவாரத்தில் ராசாவுக்கு வேலை செய்த கொல்லர் வீட்டுப் பூ என்றார். அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் இரும்பைத் தொடுவதில்லையாம்.

"அப்ப குதிரை ஏன் இடப்பக்கம்?" என்றார் சாஜன்.

"இந்த நாட்டு ஆக்கள் அந்தக் காலத்துல செஞ்ச துவக்கு கூடுதலா இப்படித்தான். குதிரை இடப்பக்கந்தான்."

"அப்ப நாட்டில எல்லாரும் இடது கைக்காரனா?"

"ஏன் அப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியா. செஞ்சான்னு மட்டும் தெரியும்."

வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் ஒருவர் மெதுவாக, தங்கள் ஊர்ப் பெரிய மனிதரின் வளவு வீட்டுச் சுவரில் இரண்டு தொங்கின, இரண்டுக்கும் குதிரை இந்தப் பக்கம்தான் என்றார். சாஜன் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகுதான் நானா அந்தச் சின்னக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குதிரைப் பக்கம் குனிந்தார். ஒவ்வோர் ஆணியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். குதிரை ஆணிக்கு வந்ததும் நின்றார். வெகுநேரம் நின்றார். அப்பா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கை என் தோளை நசுக்கியது. உள்ளதத்தான் செல்லுவன் என்ற மனிதர் அவர்.

"என்ன, ஏதும் புதுசா?" என்றார் சாஜன்.

நானா நிமிர்ந்தார். துவக்கைத் தூக்கிச் சாஜன் பக்கம் நீட்டினார். அவருடைய கட்டைவிரல் குதிரை ஆணியின்மேல் இருந்தது.

"புதுசா ஈக்கிறது மினுக்கம் மட்டுந்தான் மாத்தையா. நல்ல பழைய சாமான். மினுக்கிக் கெடுத்துட்டான், மடையன்."

சாஜன் என்னைக் கூப்பிட்டார். அப்பா செய்தது என்று நீ சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். உண்மையா என்றார். பொய் என்றேன். ஏன் சொன்னாய் என்றார்.

"எல்லாரும் அப்பாவோட கையச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அந்தக் கையால பெருசா ஒன்னு செஞ்சாருன்னு சொல்லணும்போல இருந்திச்சு."

சிங்களத்தில்தான் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்திருக்காது. அப்பாவுக்குப் புரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இது எங்க இருந்து வந்திச்சு?"

"பரண்ல இருந்திச்சு," என்றேன். அப்பாவை உள்ளே தள்ளியது என் ஒரு பொய், வெளியே எடுத்தது இன்னொன்று. இரண்டையும் என் வாய்தான் சொன்னது.

கோட்டுக்குப் போகவில்லை. துவக்கை வைத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு அப்பாவை விட்டார்கள். உரிமையுள்ளவர் யாரும் இருந்தால் அத்தாட்சியோடு வந்து கேட்கலாம், இல்லாவிட்டால் பழம்பொருள் வைக்கிற இடத்துக்கு அனுப்புவோம் என்றார் சாஜன்.

பஸ் நிற்கும் இடத்துத் தேத்தண்ணீர்க் கடையில் நானா எங்களுக்குப் பணிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அப்பா கிளாசைத் தொடவில்லை. நானா பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நானா, அப்ப அந்தத் துவக்கச் செஞ்சவன் நொட்டாங்கைக்காரன் இல்லீங்களா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் குரலில் இருந்தது எனக்குப் புரிந்தது. உறவு ஒன்று கைவிட்டுப் போன குரல்.

நானா சிரித்தார். "அத ஆர் கண்ட, தம்பி. எல்லாத்தையும் அப்படித்தான் செஞ்சீக்கிறாங்க. ஆனா குதிரை ஆணியச் செஞ்ச ஆள் நொட்டாங்கை. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அப்பா தன் இடது கையைப் பார்த்தார்.

"அரம் போன கீறல் மத்தப் பக்கம் சாஞ்சீக்கி. சோத்தாங்கைக்காரன் அராவினா அப்படிச் சாயாது. சாஜன் பெரிய இடத்தப் பாத்துட்டு நின்டாரு, சின்ன இடத்தப் பாக்கல்ல." பணிஸைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "நான் பொய் செல்லல்ல. துவக்கு பழசு. ஆணி நல்ல ஆணி. அந்தப் பழைய மரைக்கு இப்படி உக்கார்ற மாதிரி இன்டைக்கு ஆர் வெட்டுவாங்க?"

அதுதான் அப்பாவின் வேலையை யாரும் புகழ்ந்து நான் கேட்டது, முதலும் கடைசியுமாக.

நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு அப்பா வலது கையால் அராவத் தொடங்கினார். பயம். கீறல் சாய்வதைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியும் என்று தெரிந்த பிறகு, தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைத்துவிட்டார். வேலை கோணிக்கொண்டு போயிற்று. ஸ்டோரில் ஏசினார்கள், பிட்டருக்கு வயசாயிற்று என்றார்கள். வயதாகவில்லை. ஒரு சின்னப் பெண் பெருமையடித்ததால் வந்தது. அவர் சாகும்வரை நான் அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வயல்கார மாமா அதன் பிறகு பட்டறைப் பக்கம் வரவே இல்லை. "அவரோட சாமானுக்காக இவரு உள்ள போனாரு, எட்டிப் பாத்தாரா அந்தாளு?" என்று அம்மா பல வருடம் பொரிந்துகொண்டே இருந்தாள். தீபாவளியன்று காலை காம்பரா வாசலில் ஒரு தார் வாழைப்பழம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கக்கூட அவள் விரும்பவில்லை. நானும் அவரைக் கோழை என்றே நினைத்திருந்தேன். உரிமை கேட்டு அவர் போயிருந்தால், துவக்கு எப்படிப் பிட்டரிடம் போயிற்று என்று கேட்டிருப்பார்கள். திருத்தக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். அவர் போகவில்லை. அப்பாவுக்காகத் தன் குடும்பத்துத் துவக்கை அப்படியே விட்டுவிட்டார். இது விளங்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

போன வாரம் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போயிருந்தேன். நம்பர் வர நேரமிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அரும்பொருள் கூடம் இருக்கிறது என்றார்கள், காற்றாட நடந்து போனேன். உள்ளே சுவரில் நீளமாக ஒரு துவக்கு. மீன்வால் கட்டை. சங்குப் பூவில் ஓர் இதழ் இல்லை. கீழே மூன்று மொழியில் அட்டை: ராசா காலத்து நாட்டுத் துவக்கு. செய்தவர் அறியப்படவில்லை. உரிமையாளர் அறியப்படவில்லை.

குதிரையைத் தேடினேன், காணவில்லை. மாட்டியவர் எல்லாத் துவக்கையும்போல வலப்பக்கத்தை வெளியே காட்டி மாட்டியிருந்தார். குதிரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பொறுப்பாயிருந்த இளைஞரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பாமல் எட்டிப் பார்த்தார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு இறக்கித் திருப்பினார். என் கண்ணுக்கு எல்லாம் மங்கல். ஆணியைக் காட்டி, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். இப்போது எடுத்துப் பாருங்கள். தலையில் இருக்கும் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம், நானா சொன்ன அந்த மற்றப் பக்கம், சாய்ந்திருக்கின்றன.

"உங்களுக்கு இந்தத் துவக்கைத் தெரியுமா, அம்மே?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். யாருடையது என்று கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கத்து மாமாவுடையது என்றேன். பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை பலாக்காய் தின்றிருக்கிறோம், அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அங்கே நின்று அழுதேன், மறைக்கவில்லை.

அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, செய்தவரைத் தெரியுமா என்று கேட்டார். அப்பாவின் முழுப்பெயரையும் சொன்னேன். அவர் தாள் எடுத்து, எழுத்துக்கூட்டிக் கேட்டு, கவனமாக எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"துவக்கு முழுவதும் அவர் செய்ததா?"

"இல்ல மாத்தையா," என்றேன். "ஒரே ஒரு ஆணி."